அண்டாவில் வந்த விருந்தாளி

என் அக்காள் செல்வாம்பாளின் புருஷன் பலராமனைப் பற்றி யாராவது எழுதத்தான் வேண்டும். வேறு யாரிடமாவது விட்டால் நல்லவிதமாக எழுதிவிடுவார்கள் என்பதால் நானே எழுதுகிறேன். என் பெயர் கமலக்கண்ணன். ரெட்டியார்பாளையத்தில் ஜெராக்ஸ், கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு எல்லாம் அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். மாமாவின் கிறுக்குத்தனங்களில் பாதி என் கடையில்தான் அச்சாகி வெளிவந்தன.

மாமா பிறந்தது நண்டுத்திட்டில். புதுச்சேரிக்குத் தெற்கே, ஆறு கடலில் கலப்பதற்குக் கொஞ்சம் முன்னால், சுற்றிலும் உப்புத் தண்ணீரோடு கிடக்கும் ஒரு மேடு அது. பத்துப் பன்னிரண்டு வீடு, தென்னை மரங்கள், ஒரு மாரியம்மன், எதையும் மதிக்காத ஆடுகள். டவுனிலிருந்து பஸ் பிடித்து இறங்கி, சவுக்குத் தோப்பு வழியாக நடந்து, கரையில் நின்று "ஓய்" என்று கத்த வேண்டும். திட்டில் யார் காதிலாவது விழுந்தால் தோணி வரும். மில் வேலைக்குப் போன காலமெல்லாம் மாமா இப்படித்தான் போய் வந்தார். மில்லை மூடினார்கள். கைக்கு வந்ததை மகள் சுமலதாவின் கல்யாணத்தில் கரைத்துவிட்டுத் திட்டிலேயே உட்கார்ந்தார். சும்மா உட்கார்ந்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

அவருடைய யோசனை இதுதான். திட்டின் அழகைக் கேள்விப்பட்டு ஆட்கள் பார்க்க வருவார்கள். அதைப் பார்த்து முதலீடு வரும். முதலீடு வந்தால் குழாய் வரும். மாமாவின் அகராதியில் முதலீடு என்றால் ஒரு குடிதண்ணீர்க் குழாய், அவ்வளவுதான். ஏனென்றால் திட்டில் தோண்டுகிற இடமெல்லாம் உப்புத் தண்ணீர். குடிக்கிற தண்ணீரை எதிர்க்கரை அடிபம்பில் அடித்து, குடம் குடமாகத் தோணியில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். அக்காவுக்கு முட்டிவலி. குடத்தோடு தோணியில் ஏறி இறங்கும்போது அவள் படுகிற பாட்டை மாமாவால் பார்க்க முடியவில்லை. அதை வாய்விட்டுச் சொல்கிற மனுஷன் இல்லை அவர். அதனால் ஊருக்கெல்லாம் முதலீடு, முதலீடு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் பொங்கல் கழிந்ததும் அக்கா பொறுமை இழந்தாள். ரெட்டியார்பாளையத்தில் சுமலதா வீட்டுக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஒரு வீடு காலியாக இருந்தது. வாசலிலேயே குழாய். திருகினால் தண்ணீர் கொட்டும்.

"இந்தாய்யா, நல்லாக் கேட்டுக்க," என்றாள், என்னையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு. "மாசி மகம் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள வெளியாளு ஒருத்தன், இந்தத் திட்டப் பாக்கணும்னே, நம்ம வூட்டு விருந்தாளியா வரணும். வரலன்னா நான் ரெட்டியார்பாளையம் போயிடுவேன். நீ வந்தா வா. வராட்டி நண்டுங்களோட குடித்தனம் பண்ணு."

மாமாவுக்கு முகம் செத்துப்போயிற்று. திட்டை விட்டு வெளியே ஒரு ராத்திரி தூங்கினாலும் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். சுமலதாவின் கல்யாணத்தன்றுகூட மண்டபத்தில் படுக்காமல் ஓடிவந்த ஆள். இருந்தாலும் வீராப்பாக, "ஒருத்தன் என்னா, ஒம்போது பேரு வருவான்," என்றார்.

இதில் அக்காவின் தந்திரம் புரிய வேண்டுமானால் திட்டின் தோணிமுறையைச் சொல்ல வேண்டும். அங்கே இருப்பது ஒரே தோணி. வெள்ளிக்கு வெள்ளி அது ஒரு வீட்டின் முறை. வெள்ளிக்கிழமை காலையில் மாரியம்மனுக்குக் கற்பூரம் காட்டி, தோணிக் கழியை அடுத்த வீட்டுக்காரர் கையில் கொடுப்பார்கள். அந்த வாரம் முழுக்கக் கூப்பிட்ட குரலுக்குத் தோணி விட வேண்டியது அவர்கள் பொறுப்பு. அந்த வாரம் தோணியில் வந்து இறங்கும் வெளியாள் எவரானாலும் அந்த வீட்டு விருந்தாளி. சோறு போட வேண்டும், காசு வாங்கக் கூடாது. வேறு வீட்டுக்காரர் ஒரு டம்ளர் மோர் நீட்டினாலும் வெட்டுப்பழி குத்துப்பழிதான். தபால்காரர் எந்த வீட்டில் குழம்பு நன்றாக இருக்கும் என்று பார்த்து வைத்துக்கொண்டு, அவர்கள் முறை வரும்வரை தபால்களைப் பையிலேயே வைத்திருப்பார். மாமா வீட்டு முறை மகத்துக்கு முந்தின வெள்ளியில்தான் ஆரம்பம். அக்கா கொடுத்த கெடுவில் மாமாவுக்குப் பயன்படும் நாட்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

மாமா அசரவில்லை. முதலில் மெயின் ரோட்டில் ஒரு தகரப் பலகை வைத்தார். "நண்டுத்திட்டு உங்களை அன்புடன் அழைக்கிறது. இன்பம் பொங்கும் இடம்" என்று எழுதி, பெரிய அம்புக்குறி போட்டிருந்தார். ஒற்றை ஆணியில் அடித்த பலகை. காற்றில் சுற்றிக்கொண்டு போய் எதிர்ப்பக்கம் இருந்த சாராயக்கடையைக் காட்டி நின்றது. ஒரு வாரத்தில் கடைக்காரரே நேரில் வந்து மாமாவுக்கு மாலை போட்டுவிட்டுப் போனார்.

அடுத்து என் கடைக்கு வந்தார். நோட்டீஸ் அடிக்க வேண்டுமாம்.

"வசதிங்கன்னு ஒரு தலைப்பு போடுடா கண்ணா. காத்து, நெழலு, நண்டு."

"கரண்டு உண்டான்னு கேப்பாங்க மாமா."

"உண்டு. வரும்போது உண்டு."

"கக்கூஸ்?"

மாமா வெகுநேரம் யோசித்தார். "விசாலமான திறந்தவெளின்னு போடு."

போட்டேன். பஸ் ஸ்டாண்டில், பீச்சில், ஆஸ்பத்திரி வாசலில் என்று எல்லா இடத்திலும் மாமாவே நின்று கொடுத்தார். ஆஸ்பத்திரி வாசலில் வாங்கினவர்கள் ஏதோ புது வைத்தியசாலை என்று நினைத்து, மூலத்துக்குப் பார்ப்பார்களா என்று கேட்டார்களாம். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார் மாமா.

ஆனாலும் நோட்டீஸ் வேலை செய்தது. மகம் நெருங்கிய நேரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சைக்கிளில் இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் கரைக்கு வந்து "ஓய்" என்றார்கள். மாமா துள்ளிக் குதித்து ஓடினார். ஆனால் அது பக்கிரியின் வாரம். பக்கிரி மாமாவின் பங்காளி, பக்கத்து வீடு. மாமாவுக்கு எதிராக எது நடந்தாலும் அவருக்கு அன்று பசி நன்றாக எடுக்கும். அவர் கம்பீரமாகத் தோணியைக் கொண்டுபோய் இரண்டு பேரையும் ஏற்றிவந்தார். அவர் மனைவி வசந்தா நண்டுக் குழம்பு வைத்தாள். காரம் தாங்காமல் இருவரும் கண்ணீர் விட்டு அழுதுகொண்டே இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார்கள். போகும்போது இலைக்கடியில் ஒரு நோட்டை வைத்துவிட்டுப் போக, பக்கிரி அதைத் தூக்கிக்கொண்டு சவுக்குத் தோப்பு முழுக்கத் துரத்தியிருக்கிறார். கொலைகாரன் வருகிறான் என்று நினைத்து அந்தப் பெண்கள் சைக்கிளில் பறந்துவிட்டார்கள்.

"வந்தாங்க இல்ல? பாத்தியா?" என்றார் மாமா, அக்காவிடம்.

"பக்கிரி வூட்டுக்கு வந்தாங்க," என்றாள் அக்கா. புடவையை மடித்துப் பெட்டியில் வைக்கவும் தொடங்கியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை என் கடைக்கு ஒருவர் வந்தார். வெள்ளை பேண்ட், வெள்ளைத் தொப்பி, சென்ட் வாசனை. முசியே கலியமூர்த்தி; முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர். இவர் ரெட்டியார்பாளையத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே பாரீஸ் போய், அங்கே ஓட்டல்கள் வைத்து, வருஷத்துக்கு ஒருமுறை புதுச்சேரிக்கு வந்து எதை வாங்கலாம் என்று பார்த்துக்கொண்டு திரிகிறவர். விசிட்டிங் கார்டு அடிக்க வந்தவர் மேஜையில் கிடந்த மாமாவின் நோட்டீசை எடுத்துப் படித்தார்.

"சுத்தியும் தண்ணியா?"

"ஆமாங்க முசியே."

"உய்!" என்றார், பிரெஞ்சில் ஆமாம் போட்டு. வெள்ளிக்கிழமை அவருக்கு விமானம். வியாழக்கிழமைதான் வர முடியும். வெள்ளி காலையில் மாமா கைக்குக் கழி வரும். முதலீடு அதற்கு ஒருநாள் முன்னால், பக்கிரியின் கடைசி நாளில் வந்து நிற்கப்போகிறது.

புதன்கிழமை நான் திட்டுக்குப் போய்ச் சொன்னதும் மாமா நேரே பக்கிரியிடம் போனார். பங்காளியிடம் அவர் கெஞ்சியதை அன்றுதான் பார்த்தேன். "ஒரே ஒரு நாளு வுட்டுக் குடு பக்கிரி. செல்வா போயிடுவாடா." பக்கிரிக்கு மனம் இளகத்தான் செய்தது. ஆனால் அவர், "மொறைய மாத்துனா மாரியாத்தா கேப்பா பலராமா. தோணில வந்தா என் விருந்தாளிதான்," என்றுவிட்டார். மாமா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார். பாதி வழியில் தலை மெல்ல நிமிர்ந்தது.

"தோணில வந்தா," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் முசியேயின் வாடகைக் காருக்கு முன்னால் என் டி.வி.எஸ்.ஸில் வழிகாட்டிக்கொண்டு கரைக்கு வந்தேன். மாமா இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் தண்ணீரில் ஒரு பித்தளை அண்டா மிதந்தது. எனக்கு அதை நன்றாகத் தெரியும். அக்கா கல்யாணத்தில் எங்கள் அப்பா சீராகக் கொடுத்த அண்டா. தெருவே திரும்பிப் பார்த்த அளவு. அதில்தான் அக்கா குடிதண்ணீர் நிரப்பி வைப்பாள்.

"மாமா, உள்ள தண்ணி இருந்திருக்குமே!"

"கவுத்துட்டேன்," என்றார் மாமா, திட்டுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டு.

முசியே இறங்கிவந்து பார்த்தார். "இது என்ன?"

"பெரிய மனுஷங்கள இதுலதான் கூட்டிம்போவோம். எங்க பரம்பர வழக்கம்," என்றார் மாமா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

"கலாச்சாரம்!" என்று முசியே பரவசப்பட்டு, கேமராவைக் காரோட்டியிடம் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லிவிட்டு, அண்டாவுக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நானும் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினேன். அண்டாவின் வளையக் காதை ஆளுக்கொன்றாகப் பிடித்துத் தள்ளினோம். முசியே மெதுவாக, கோயில் தேர் மாதிரி அசைந்து அசைந்து போனார்.

பாதித் தூரத்தில் பக்கிரி தோணியோடு வந்துவிட்டார். "முசியே, இப்புடி வாங்க! இதான் வண்டி. வூட்ல நண்டு கொதிக்குது!" என்று அண்டாவின் ஒரு காதைப் பிடித்து இழுத்தார். மாமா மறு காதை இழுத்தார். அண்டா சுற்றத் தொடங்கியது. முசியே முதல் சுற்றில் "உய், உய்" என்றார். இரண்டாம் சுற்றில் தொப்பி போயிற்று. மூன்றாம் சுற்றில் பாரீஸ் முழுவதும் அவரை விட்டு இறங்கி, "அய்யோ அம்மா, வுடுங்கடா!" என்று சுத்தமான ரெட்டியார்பாளையத்துக் குரலில் கத்தினார்.

ஒருவழியாகக் கரை சேர்ந்தோம். திட்டே கூடியிருந்தது. அக்கா முன்னால் நின்றாள்.

"எந் தண்ணி எங்கய்யா?"

மாமா முசியேயைக் காட்டினார். "முதலீடு," என்றார்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் பக்கிரி தொடங்கிவிட்டார். தன் வாரத்தில் வந்தவர் தன் விருந்தாளி என்றார். தோணியில் கால் வைக்காதவர் எப்படித் தோணிமுறையில் சேருவார் என்று மாமா கேட்டார். வழக்கு, மாரியம்மனுக்குக் கற்பூரம் காட்டுகிற சின்னப்பாப்பாவிடம் போயிற்று. அந்த அம்மாள் அண்டாவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள். முசியேயையும் ஒரு சுற்று.

"தோணில வந்தாத்தான் பக்கிரி வூட்டு விருந்து. இவரு தோணில வரல," என்றாள். மாமா முகம் மலர்ந்தது. "அண்டாவுல வந்தாரு. அண்டா யாரோடது?"

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

"அப்ப, இவரு செல்வாம்பா விருந்தாளி."

மாமாவின் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். திட்டை விட்டுப் போகத் துடிக்கிறவள் கையில் அவருடைய முதலீடு மாட்டிக்கொண்டது. அக்கா நினைத்தால், இது என் விருந்தாளி, உன்னுடையது இல்லை என்று ஒரே வார்த்தையில் பெட்டியைக் கட்டிவிடலாம்.

ஆனால் விருந்தாளி விருந்தாளிதான். பாய் போட்டாள். குடிக்கத் தண்ணீர் இல்லாததால் இளநீர் வெட்டிக் கொடுத்தாள். கருவாட்டுக் குழம்பும் சோறும் போட்டாள். பக்கத்து வீட்டு நண்டு வாசனையில் முசியேயின் மூக்கு அடிக்கடி அந்தப் பக்கம் திரும்பியது. சாப்பிட்டதும் திட்டைச் சுற்றிக் காட்டினாள். இருக்கிற குறை ஒன்றையும் விடாமல்தான் காட்டினாள்.

"இது கெணறு, வாயில வெக்க முடியாது. இது கரண்டு கம்பம், மழ வந்தா படுத்துக்கும். சாயந்தரமானா கொசு ஆளத் தூக்கிம்போவும். பிரசவம்னா பக்கிரிதான் ஆம்புலன்ஸு."

முசியே எல்லாவற்றுக்கும் சந்தோஷமாகத் தலையாட்டினார். கடைசியில் மேட்டில் நின்று, திட்டு முழுவதையும் கையால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்.

"ரொம்பப் புடிச்சிருக்கு மதாம். முழுசா எடுத்துக்கறேன்."

மாமா மெல்லப் பக்கத்தில் வந்து, "கொழா வருங்களா முசியே?" என்று கேட்டார்.

"குழாயா? நீச்சல் குளமே வரும்!"

"இல்லீங்க, எங்களுக்கு."

"உங்களுக்கு எதுக்கு? நீங்கதான் இங்க இருக்கப் போறதில்லையே. எல்லாருக்கும் ரெட்டியார்பாளையத்துல வீடு கட்டித் தரேன். வாசல்லயே குழாய். மதாம் சொன்ன மாதிரி இங்க மனுஷன் இருக்க முடியுமா?"

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பக்கிரிகூட யோசிப்பதுபோல் தாடையைத் தடவினார். மாமா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். பலகை வைத்து, நோட்டீஸ் அடித்து, அண்டாவில் வைத்துத் தள்ளிக்கொண்டுவந்தது இதற்குத்தானா என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. எனக்கே பாவமாக இருந்தது. அக்கா கேட்டது அத்தனையும், அவள் கேட்ட ஊரிலேயே, கேட்ட குழாயோடு வந்து நிற்கிறது.

அக்கா முசியேயை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப இங்க யாரு இருப்பா?"

"கெஸ்ட் வருவாங்க மதாம். வருஷம் பூரா."

"யாரு வூட்டு விருந்தாளியா வருவாங்க?"

முசியேவுக்குக் கேள்வி புரியவில்லை. "யாரு வீட்டுக்கும் இல்ல. ரூம் எடுப்பாங்க, சாப்பிடுவாங்க, போவாங்க."

"அவங்கள வான்னு கூப்புட, சாப்டியான்னு கேக்க ஆளு கெடையாதா?"

"அதுக்கு யூனிபார்ம் போட்ட பையன் இருப்பான் மதாம்."

"அடப்பாவமே," என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. அவருக்காக நிஜமாகவே வருத்தப்பட்டுச் சொன்னாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகினாள். "வயிறு ரொம்பிச்சில்ல? வாங்க, கொண்டாந்து வுடறேன்."

தோணியைத் தள்ள வந்த பக்கிரியைக் கையாலேயே நிறுத்தினாள். தன் விருந்தாளியைத் தானே கொண்டுபோய் விடுவாளாம். முசியே பலமுறை மறுத்தும் மறுபடி அண்டாவில் ஏற்றப்பட்டார். அக்கா ஒரு காதைப் பிடித்தாள், நான் மறு காதைப் பிடித்தேன். தண்ணீருக்குள் அவள் முட்டி ஒரு முனகல்கூட முனகவில்லை. மாமா பின்னால் வரவில்லை. மணலைத் தட்டிவிட்டு எழுந்து, திட்டின் விளிம்பில் வந்து நின்றார்.

எதிர்க்கரையில் முசியே இறங்கிக் கால்சட்டையைப் பிழிந்தார். ஆனாலும் நல்ல மனுஷன்தான். கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "மதாம், நான் ரெட்டியார்பாளையம்தான் போறேன். ஏறுங்க, உங்க மகள் வீடு அங்கதான்னு கண்ணன் சொன்னாரு, விட்டுடறேன்," என்றார்.

ஏசி காற்று வெளியே வந்து எங்கள் ஈரத் துணியில் பட்டது. அக்கா கார் சீட்டைப் பார்த்தாள். அடிபம்பைப் பார்த்தாள். திரும்பித் திட்டைப் பார்த்தாள். அங்கே மாமா கையைக்கூட ஆட்டாமல், கூப்பிடாமல், தண்ணீருக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டிருந்தார். இந்த ஆளை எத்தனையோ வருஷமாகக் கிண்டல் செய்திருக்கிறேன். அப்போது அந்த நிற்பில் கிண்டல் செய்ய எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

"வரலீங்க," என்றாள் அக்கா. "பத்தரமா போயிட்டு, போயி சேந்ததும் கண்ணன் கடைக்குப் போன் போட்டுச் சொல்லுங்க."

கார் போனது. அக்கா அடிபம்பில் குடத்தை வைத்து என்னை அடிக்கச் சொன்னாள். அந்தக் குடத்தைத் தூக்கி அண்டாவுக்குள் வைத்தாள். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு, அவளும் அண்டாவுக்குள் ஏறிக் குடத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஓய்!" என்று கத்தினாள்.

பக்கிரி கழியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"ஒன்ன இல்ல பக்கிரி! அந்தாள வரச் சொல்லு!" என்றாள். "யோவ், நிக்கிற பாரு பொம்ம மாதிரி! எந் தண்ணியக் கவுத்தவன் நீதானே? வந்து தள்ளு!"

மாமா சட்டையோடு தண்ணீரில் விழுந்தார். நீந்தியும் நடந்தும் தடுமாறியும் வந்து, அண்டாவின் காதைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். கேட்கப் பயந்துகொண்டேதான் கேட்டார்.

"செல்வா, அந்தாளு ஒன் விருந்தாளின்னுதானே தீர்ப்பு? கணக்குல வருமா?"

"என் விருந்தாளி நம்ம வூட்டு விருந்தாளி இல்லாம வேற எவன் வூட்டு விருந்தாளி?" என்றாள் அக்கா. "பேசாம தள்ளு. நாளைக்கு நம்ம மொற. எவனாவது வந்தா நல்ல கொழம்பா வெக்கணும், நண்டு புடிச்சிம்போவலாம்."